நேற்று வரை ஓடிய பிரிண்டர்

ஆடிட்டர் அலுவலகம், பத்திர எழுத்தரின் அறை, ஜெராக்ஸ் கடை, பள்ளி அலுவலகம் என்று தமிழ்நாட்டின் எந்தக் கடைத்தெருவில் நுழைந்தாலும் ஏற்பாடு ஏறக்குறைய ஒன்றுதான். மூன்று நான்கு கம்ப்யூட்டர்கள் இருக்கும். பிரிண்டர் ஒன்றே ஒன்று. அது கேனான் எல்பிபி 2900பி, ஹெச்பி லேசர்ஜெட் 1020 போன்ற பழைய, விடாமல் உழைக்கும் லேசராக இருக்க வாய்ப்பு அதிகம். யுஎஸ்பி கேபிளில் ஒரு சிஸ்டத்தோடு மட்டும் இணைந்திருக்கும்; மற்ற சிஸ்டங்கள் ‘ஷேரிங்’ வழியாக அதற்கு வேலை கொடுக்கும். ஆண்டுக்கணக்கில் ஓடும் இந்த ஏற்பாடு ஒருநாள் காலையில் நின்றுவிடும். “யாரும் எதையும் தொடவில்லை” என்பார்கள். பெரும்பாலும் அது உண்மைதான்.

யாரும் தொடாமலே நின்றது எப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி. பிரிண்டர் ஷேரிங் கோளாறுகளை இரண்டு வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை எப்போதும் இருந்து வருவது: கேபிள், முகவரி, தூங்கிப்போன கம்ப்யூட்டர், அடைத்துக்கொண்ட வரிசை. இரண்டாவது வகை 2017-க்குப் பிறகு பெருகியது: விண்டோஸ் தன் பாதுகாப்பு விதிகளைப் படிப்படியாக இறுக்கியதால் வருவது. முதல் வகையைச் சரிசெய்யலாம். இரண்டாவது வகையைப் பெரும்பாலும் தற்காலிகமாகத்தான் சமாளிக்க முடியும். இந்த வேறுபாடு தெரியாததால்தான் ஒரே அலுவலகத்துக்குச் சர்வீஸ் ஆள் திரும்பத் திரும்ப வர வேண்டியிருக்கிறது.

ஒரு பக்கம் போகும் வழி

பிரிண்டர் கோத்த கம்ப்யூட்டரை ‘முதல் சிஸ்டம்’ என்றும், அதன் வழியாக அச்சடிக்கும் கம்ப்யூட்டரை ‘இரண்டாம் சிஸ்டம்’ என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டாம் சிஸ்டத்தில் பிரிண்ட் கொடுத்ததும், அங்குள்ள டிரைவர் அந்தப் பக்கத்தைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றுகிறது. ‘ஸ்பூலர்’ என்ற சேவை அதை வரிசையில் வைக்கிறது. பிறகு நெட்வொர்க்கில் முதல் சிஸ்டத்தைத் தேடிக் கண்டுபிடித்து, ‘நான் இன்னார்’ என்று அடையாளம் காட்டி, வேலையை ஒப்படைக்கிறது. முதல் சிஸ்டத்தின் ஸ்பூலர் அதை வாங்கி யுஎஸ்பி வழியாகப் பிரிண்டருக்குத் தள்ளுகிறது.

ஆக, இயந்திரம், ஸ்பூலர், பாதை, பெயர், அடையாளம், டிரைவர் என்று ஆறு கண்ணிகள். எது அறுந்தாலும் திரையில் பெரும்பாலும் தெரிவது ‘பிரிண்டருடன் இணைய முடியவில்லை’ என்ற ஒரே வாசகம்தான். அதனால் எடுத்த எடுப்பில் டிரைவரை அழித்து மறுபடி ஏற்றுவது வீண் வேலை. பிரிண்டர் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொரு கண்ணியாகச் சோதித்துக்கொண்டு வருவதே முறை.

முதல் சிஸ்டத்தில் பார்க்க வேண்டியவை

முதல் சிஸ்டத்திலிருந்தே ஒரு டெஸ்ட் பேஜ் அடித்துப் பாருங்கள். அது வரவில்லையென்றால் இது ஷேரிங் பிரச்சினையே அல்ல. அது வந்து மற்றவர்களுக்கு மட்டும் வரவில்லையென்றால் மேலே போகலாம்.

மிகச் சாதாரணமான காரணம், முதல் சிஸ்டம் தூங்கிவிடுவது. அந்த இருக்கைக்காரர் சாப்பிடப் போயிருப்பார். மின்சேமிப்பு அமைப்பு கம்ப்யூட்டரை உறங்க வைத்திருக்கும். பிரிண்டரைப் பகிரும் சிஸ்டத்தில் ‘ஸ்லீப்’ வசதியை அணைத்துவிட வேண்டும். மானிட்டர் மட்டும் அணைந்தால் போதும்.

அடுத்தது யுஎஸ்பி துளை மாறுவது. மேசையைத் துடைக்கும்போது கேபிளைக் கழற்றி வேறு துளையில் செருகிவிடுவார்கள். பல பிரிண்டர்களை அப்போது விண்டோஸ் புதிய பிரிண்டராக எண்ணி, அதே பெயரோடு ‘காப்பி 1’ என்று சேர்த்து இன்னொன்றை உருவாக்கும். ஷேரிங் பழைய பெயரிலேயே நின்றுவிடும். முதல் சிஸ்டத்தில் இருப்பவர் புதியதில் அச்சடிப்பார். மற்றவர்களின் வேலையெல்லாம் ஆளில்லாத பழைய வரிசையில் போய்க் குவியும். பழைய துளைக்கே கேபிளை மாற்றுவது எளிய தீர்வு.

மூன்றாவது, ஸ்பூலர் அடைப்பு. பாதியில் நின்ற ஒரு கோப்பு பின்னால் வரும் எல்லாவற்றையும் மறித்துக்கொண்டு நிற்கும். சர்வீசஸ் பட்டியலில் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சேவையை நிறுத்தி, விண்டோஸ் கோப்புறைக்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்று போய், அங்கிருக்கும் கோப்புகளை மட்டும் அழித்து, சேவையை மறுபடி தொடங்க வேண்டும். கோப்புறையை அழிக்கக் கூடாது. காத்திருக்கும் வேலைகள் எல்லாம் போய்விடும் என்பதால் மற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் செய்வது நல்லது.

இரண்டு ரவுட்டர், இரண்டு உலகம்

ஃபைபர் இணைப்பு வந்த பிறகு நம் வீடுகளிலும் சிறு அலுவலகங்களிலும் புதிதாக ஒரு சிக்கல் சேர்ந்திருக்கிறது. இணைய நிறுவனம் கொடுக்கும் பெட்டியே ஒரு ரவுட்டர். உள்ளறைக்கு வைஃபை எட்டவில்லை என்று கடையில் இன்னொரு ரவுட்டர் வாங்கி அதோடு கோத்துவிடுவார்கள். இணையம் இரண்டிலும் வரும். ஆனால் ஒன்றில் இருக்கும் சிஸ்டத்தின் முகவரி 192.168.1 என்றும், மற்றதில் இருப்பது 192.168.0 என்றும் தொடங்கும். அதாவது அவை வேறு வேறு நெட்வொர்க்குகள். வெளி ரவுட்டரில் இருக்கும் கம்ப்யூட்டருக்கு உள் ரவுட்டரில் இருக்கும் பிரிண்டர் சிஸ்டம் இருப்பதே தெரியாது. இரண்டாவது ரவுட்டரை ‘ஆக்சஸ் பாயின்ட்’ முறைக்கு மாற்றினால் இரண்டும் ஒன்றாகிவிடும். ‘கெஸ்ட்’ வைஃபையில் சேர்ந்திருந்தாலும் இதே கதை. அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே தடுத்திருப்பார்கள்.

ஒரே நெட்வொர்க்கில்தான் இருக்கின்றன என்று உறுதியானால், அடுத்து விண்டோஸ் அந்த நெட்வொர்க்கை எப்படி மதிப்பிடுகிறது என்று பார்க்க வேண்டும். ‘பப்ளிக்’ என்று குறித்திருந்தால், ரயில் நிலைய வைஃபையில் இருப்பதுபோல் எண்ணிக்கொண்டு ஷேரிங்கை ஃபயர்வால் மூடிவிடும். புது ரவுட்டர் மாட்டினால் விண்டோஸ் அதைப் புதிய நெட்வொர்க்காகக் கருதி, மறுபடி ‘பப்ளிக்’ என்று குறித்துவிடுவது உண்டு. ‘பிரைவேட்’ என்று மாற்றி, ‘நெட்வொர்க் டிஸ்கவரி’, ‘ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்’ இரண்டையும் இயக்க வேண்டும். தனியாக ஆன்டிவைரஸ் வாங்கிப் போட்டிருந்தால் அதற்கென்று ஒரு ஃபயர்வால் இருக்கலாம். அதையும் பார்க்க வேண்டும்.

பட்டியலில் இல்லை என்றால் இல்லை என்று பொருளல்ல

‘நெட்வொர்க்’ ஜன்னலைத் திறந்தால் காலியாக இருக்கிறது என்று பலர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். பழைய விண்டோஸ்களில் அந்தப் பட்டியலைத் தந்தது எஸ்எம்பி 1 என்ற பழைய நெறிமுறையைச் சார்ந்த ஏற்பாடு. 2017 மே மாதத்தில் ‘வான்னாக்ரை’ என்ற பணயத் தீநிரல் அந்த நெறிமுறையின் ஓட்டை வழியாகவே உலகமெங்கும் பரவியது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி 1 சேர்ந்து வருவதில்லை. இப்போது பட்டியலில் ஒரு சிஸ்டம் தெரிய வேண்டுமானால் அதில் ‘ஃபங்ஷன் டிஸ்கவரி ரிசோர்ஸ் பப்ளிகேஷன்’ என்ற சேவை ஓட வேண்டும். அதைத் தானாகத் தொடங்கும்படி வைத்தால் போதும். பட்டியலில் தெரிவதற்காக எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஏற்றுவது வேண்டாத ஆபத்து.

பட்டியலே இல்லாமலும் வேலை நடக்கும். முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்வுக் கோடு போட்டு, முதல் சிஸ்டத்தின் பெயரைத் தட்டுங்கள். திறக்கவில்லையென்றால் பெயருக்குப் பதில் ஐபி முகவரியைத் தட்டுங்கள். முகவரிக்குத் திறந்து பெயருக்குத் திறக்கவில்லையென்றால், பாதை சரி, பெயர் தேடுவதில்தான் கோளாறு. இரண்டுக்கும் திறக்கவில்லையென்றால் ஃபயர்வால் அல்லது பாதை. பாஸ்வேர்டு கேட்டால் நல்ல செய்தி: பாதையும் பெயரும் சரி, இனி அடையாளம் மட்டும்தான் பாக்கி. ‘பிங்’ கட்டளைக்குப் பதில் வராததை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வர வேண்டாம். விண்டோஸ் ஃபயர்வால் பல நேரம் அதையும் தடுத்துவிடும்.

நீ யார் என்ற கேள்வி

பழைய விண்டோஸ் ஷேரிங், தெரு முழுக்கச் சொந்தக்காரர் என்று கதவைத் தாழ்போடாமல் விட்டிருந்த வீடு. 1992-ல் ‘விண்டோஸ் ஃபார் வொர்க்குரூப்ஸ்’ வந்தபோது ஒரு அறையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் ஒன்றையொன்று நம்பலாம் என்ற எண்ணத்தில்தான் பிரிண்டர் பகிர்வு பிறந்தது. இணையத்தோடு எல்லாக் கம்ப்யூட்டரும் இணைந்த பிறகு அந்த நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. ஆனால் நம் அலுவலகங்கள் ‘பாஸ்வேர்டு புரொடெக்டட் ஷேரிங்’ என்பதை அணைத்துவிட்டுப் பெயரில்லாத விருந்தாளியாக உள்ளே போகும் பழக்கத்தை விடவில்லை.

2024 அக்டோபரில் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு அந்தப் பழக்கத்துக்கு முற்றுப்புள்ளி வைத்தது. அதன் புரோ பதிப்பில், நெட்வொர்க்கில் போய் வரும் ஒவ்வொரு எஸ்எம்பி தகவலும் கையொப்பமிடப்பட்டிருக்க வேண்டும் என்பது இயல்பான விதி. பாஸ்வேர்டு இல்லாத விருந்தாளியால் கையொப்பமிட முடியாது. புது லேப்டாப் வாங்கியவருக்கு மட்டும் பிரிண்டர் கிடைக்காமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

நிலையான தீர்வு எளியது. முதல் சிஸ்டத்தில் அச்சடிப்பதற்கென்றே ஒரு சாதாரணப் பயனர் கணக்கை, பாஸ்வேர்டோடு உருவாக்குங்கள். மற்ற சிஸ்டங்களில் அந்தப் பெயரையும் பாஸ்வேர்டையும் ஒருமுறை கொடுத்து நினைவில் வைக்கச் சொல்லுங்கள். மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும். கம்ப்யூட்டரைத் திறக்கப் போடும் பின் எண் நெட்வொர்க்கில் செல்லாது, பாஸ்வேர்டுதான் செல்லும். பாஸ்வேர்டே இல்லாத கணக்கை நெட்வொர்க் வழியாக விண்டோஸ் அனுமதிக்காது. பாஸ்வேர்டை மாற்றினால், மற்ற சிஸ்டங்களின் ‘கிரெடென்ஷியல் மேனேஜர்’ பகுதியில் பழையது தங்கியிருக்கும். அதை அழித்துவிட்டுப் புதியதைக் கொடுக்க வேண்டும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு பொறியும் உண்டு. அசெம்பிள் செய்து தரும் கடைகளில் ஒரு சிஸ்டத்தில் விண்டோஸை ஏற்றி, அந்த ஹார்டு டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து மற்ற சிஸ்டங்களில் போடுவது வழக்கம். அப்படிச் செய்தால் எல்லாவற்றுக்கும் எஸ்ஐடி என்ற உள் அடையாள எண் ஒன்றாகவே இருக்கும். 2025 ஆகஸ்ட் இறுதியிலிருந்து வந்த விண்டோஸ் 11 அப்டேட்கள் இந்த எண்ணைச் சோதிக்கின்றன. ஒரே எண் உள்ள இரண்டு சிஸ்டங்கள் ஒன்றையொன்று ஏற்க மறுக்கின்றன. பாஸ்வேர்டைச் சரியாகக் கொடுத்தும் தவறு என்று வருவதற்கு இது காரணமாக இருக்கலாம். ‘சிஸ்பிரெப்’ கருவியால் எண்ணைப் புதுப்பிக்கலாம், அல்லது விண்டோஸைப் புதிதாக நிறுவலாம்.

2021: ஸ்பூலர் செய்தியில் அடிபட்ட ஆண்டு

ஸ்பூலர் என்பது எல்லா விண்டோஸ் சிஸ்டத்திலும் உயர்ந்த அதிகாரத்தோடு ஓடும் சேவை. வெளியிலிருந்து வரும் டிரைவரை ஏற்கவும் தயாராக இருந்தது. 2010-ல் வெளிப்பட்ட ஸ்டக்ஸ்நெட் தீநிரல் பரவப் பயன்படுத்திய வழிகளில் ஸ்பூலர் ஓட்டையும் ஒன்று. 2021 ஜூன் இறுதியில் ‘பிரிண்ட் நைட்மேர்’ என்ற ஓட்டைக்கான தாக்குதல் நிரலே பொதுவெளியில் வந்துவிட்டது. மைக்ரோசாஃப்ட் ஜூலை 6 அன்று வழக்கமான நாளுக்குக் காத்திராமல் அவசர அப்டேட் வெளியிட்டது. ஆகஸ்ட் 10 அப்டேட்டில், பகிர்ந்த பிரிண்டரிலிருந்து டிரைவரை இழுத்துக்கொள்ள அட்மின் உரிமை வேண்டும் என்று விதியையே மாற்றியது.

அதே ஆண்டில் இன்னொரு திருத்தமும் வந்தது. இரண்டு சிஸ்டங்களின் ஸ்பூலர்கள் பேசிக்கொள்வதை மறையாக்க வேண்டும் என்ற விதி ஜனவரியில் அறிமுகமாகி, செப்டம்பரில் கட்டாயமானது. ஒரு சிஸ்டம் அப்டேட் ஆகி மற்றது ஆகாமல் இருந்தால், ‘11பி’ என்று முடியும் பிழை எண் வந்து நிற்கும். அடுத்து 2022-ல் விண்டோஸ் 11-ன் 22எச்2 பதிப்பு, ஸ்பூலர்கள் பேசிக்கொள்ளும் தடத்தையே மாற்றியது. அதோடு ‘709’ என்று முடியும் பிழையைப் பலர் சந்தித்தார்கள்.

இவற்றுக்குப் புழக்கத்தில் உள்ள வைத்தியம், ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யம் ஆக்குவதும், புதிய தடத்தை விட்டுப் பழையதற்குத் திருப்புவதும். பலன் உடனே தெரியும். ஆனால் ‘11பி’-க்குச் செய்வது, மைக்ரோசாஃப்ட் மூடிய ஓட்டையை மறுபடி திறப்பதுதான். அதற்குப் பதில் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, இரு சிஸ்டங்களையும் முழுமையாக அப்டேட் செய்வது. இரண்டு, ‘லோக்கல் போர்ட்’ வழி: இரண்டாம் சிஸ்டத்தில் அட்மினாக நுழைந்து பிரிண்டரின் டிரைவரை அங்கேயே நிறுவி, போர்ட் கேட்கும் இடத்தில் பகிர்ந்த பிரிண்டரின் நெட்வொர்க் பெயரை முழுமையாகத் தட்டுவது. அப்போது டிரைவரை இழுக்கும் வேலையும், ஸ்பூலரோடு நேரடியாகப் பேசும் வேலையும் தவிர்ந்துவிடுகின்றன. டோனர் அளவு போன்ற நிலைத் தகவல் தெரியாமல் போகலாம், அச்சு வரும்.

பழைய சிஸ்டம் ஏன் போக மறுக்கிறது

எல்லாவற்றையும் அப்டேட் செய்யுங்கள் என்று சொல்வது எளிது. அரிசி மண்டியிலும் மருந்து மொத்தக் கடையிலும் டாஸ் ஃபாக்ஸ்ப்ரோவில் எழுதிய பில்லிங் நிரல் இன்னும் ஓடுகிற இடங்கள் உண்டு. 64 பிட் விண்டோஸில் டாஸ் நிரல்கள் ஓடாது. விண்டோஸ் 11-க்கு 32 பிட் பதிப்பே கிடையாது. அதனால் 32 பிட் விண்டோஸ் 7 அல்லது 10 போட்ட பழைய சிஸ்டத்தைக் கடைக்காரரால் விட முடிவதில்லை. அந்த நிரலுக்குத் தெரிந்த ஒரே முகவரி ‘எல்பிடி 1’. பில் அடிக்கும் டிவிஎஸ் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டரை வேறு சிஸ்டத்தில் கோத்திருந்தால், ‘நெட் யூஸ்’ கட்டளையால் எல்பிடி 1-ஐப் பகிர்ந்த பிரிண்டருக்குத் திருப்பிவிடலாம். ஷேர் பெயர் இடைவெளி இல்லாமல், எட்டெழுத்துக்குள் இருக்கட்டும்.

இந்தக் கலவைதான் டிரைவர் சிக்கலுக்கும் காரணம். 32 பிட் சிஸ்டம் பகிரும் பிரிண்டரில் 64 பிட் டிரைவர் இருக்காது. ‘அடிஷனல் டிரைவர்ஸ்’ வழியாக அதையும் சேர்க்க வேண்டும், அல்லது இரண்டாம் சிஸ்டத்தில் முன்கூட்டியே நிறுவ வேண்டும். ஆர்ம் சிப் உள்ள புதிய லேப்டாப்களுக்கு ஆர்முக்கென்றே எழுதிய டிரைவர் வேண்டும்; பழைய பிரிண்டர்களுக்கு அது கிடைப்பது அரிது. விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழையதும் புதியதும் ஒரே அறையில் இருக்கும் வரை இடைவெளி கூடிக்கொண்டேதான் போகும்.

நடுவில் கம்ப்யூட்டர் வேண்டாம் என்றால்

இதற்குள் உலகம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டது. ஹெச்பி தன் ஜெட்டைரக்ட் அட்டைகளோடு 1990-களில் பரப்பிய 9100 போர்ட் வழி, 1999-ல் முதல் வடிவம் பெற்ற ஐபிபி என்ற அச்சு நெறிமுறை ஆகிய இரண்டும் பிரிண்டரையே நெட்வொர்க்கில் உட்கார வைத்தன. ஆப்பிளின் ஏர்பிரிண்ட் 2010-ல் வந்தது. கேனான், ஹெச்பி, சாம்சங், செராக்ஸ் சேர்ந்து 2013-ல் மோப்ரியா கூட்டமைப்பைத் தொடங்கின. ஏர்பிரிண்ட், மோப்ரியா இரண்டின் அடியிலும் இருப்பது ஐபிபிதான். பிரிண்டர் தன் திறன்களைத் தானே சொல்லிக்கொள்ளும். மாடலுக்கு ஒரு டிரைவர் என்ற தேவை குறைகிறது. விண்டோஸ் ஷேரிங்கால் முடியாத ஒன்றும் இதில் முடியும்: கைப்பேசியிலிருந்து நேராக அச்சடிக்கலாம். மைக்ரோசாஃப்ட் 2023 செப்டம்பரில் நிறுவனங்களின் தனித்தனி டிரைவர்களுக்கான சேவையைப் படிப்படியாகக் குறைக்கப்போவதாக அறிவித்ததும் இந்தத் திசையில்தான்.

நெட்வொர்க் பிரிண்டருக்கும் கோளாறு வரும்; ஆனால் கண்ணிகள் குறைவு. முக்கியமானது முகவரி மாறுவது. மின்சாரம் போய் வந்தால் ரவுட்டர் வேறு ஐபி கொடுத்துவிடலாம். கம்ப்யூட்டர் பழைய முகவரியையே தட்டிக்கொண்டிருக்கும். ரவுட்டரில் பிரிண்டருக்கென ஒரு முகவரியை ஒதுக்கிவிட்டால் முடிந்தது. விண்டோஸ் தானாகச் சேர்க்கும் ‘டபிள்யூஎஸ்டி’ போர்ட் அடிக்கடி ‘ஆஃப்லைன்’ காட்டினால், ‘ஸ்டாண்டர்டு டிசிபி/ஐபி’ போர்ட்டாக மாற்றலாம். அப்போதும் பிரிண்டர் விழித்திருக்க ‘ஆஃப்லைன்’ என்றே வந்தால், போர்ட் அமைப்பில் ‘எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ்’ குறியை எடுத்துப் பாருங்கள். மலிவான மாடல்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் மட்டுமே சேரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

கையில் இருப்பது யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டர் என்றால், ‘பிரிண்ட் சர்வர்’ பெட்டி வாங்கலாமா என்று கேட்பார்கள். எச்சரிக்கை தேவை. எல்பிபி 2900 கேனானின் தனி மொழியில், இருவழியாகக் கம்ப்யூட்டரோடு பேசும் பிரிண்டர். லேசர்ஜெட் 1020 ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தன் உள்நிரலைக் கம்ப்யூட்டரிலிருந்தே வாங்கிக்கொள்ளும். சாதாரணப் பெட்டிகளால் இந்த வேலையைச் செய்ய முடிவதில்லை. உங்கள் மாடலோடு ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

யாருக்கு எது

எல்லாரும் உடனே பிரிண்டரை மாற்ற வேண்டும் என்று சொல்ல முடியாது. எல்லாச் சிஸ்டங்களும் ஒரே விண்டோஸ் பதிப்பில், முழு அப்டேட்டோடு இருந்தால், தனிக் கணக்கும் பாஸ்வேர்டும் வைத்த ஷேரிங் நன்றாகவே ஓடும். புதியதும் பழையதும் கலந்திருந்தால் ‘லோக்கல் போர்ட்’ வழி சில காலம் தாங்கும். ரெஜிஸ்ட்ரியில் கைவைக்காமல் முடியாது என்ற நிலை வந்தால், மாற்றிய மதிப்பையும் தேதியையும் ஒரு தாளில் எழுதி அந்த சிஸ்டத்திலேயே ஒட்டிவைக்கச் சொல்லுங்கள். அடுத்து வரும் சர்வீஸ் ஆளுக்கு அது இல்லாமல் எதுவும் புரியாது. அந்தத் தாளில் இரண்டாவது வரி சேர்ந்துவிட்டால், பழுது பார்ப்பதை நிறுத்திவிட்டுப் பணத்தைப் புதுப் பிரிண்டருக்கு ஒதுக்குவதே சிக்கனம்.

அந்தப் புதுப் பிரிண்டரைக் கடையில் பார்க்கும்போது, நிமிடத்துக்கு எத்தனை பக்கம் என்று கேட்பதற்கு முன் பின்புறத்தைத் திருப்பிப் பாருங்கள். நெட்வொர்க் கேபிள் செருகும் துளை இருக்கிறதா, ஏர்பிரிண்ட் அல்லது மோப்ரியா ஆதரவு உண்டா என்று கேளுங்கள். இரண்டுக்கும் ‘ஆம்’ என்றால், விண்டோஸின் அடுத்த அப்டேட் எதை இறுக்கினாலும் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.